அடமானத்தில் வாங்கிய படகு

2016 நவம்பர் 14, நள்ளிரவு தாண்டிச் சில நிமிடங்கள். நியூசிலாந்தின் தெற்குத் தீவில் 7.8 அளவில் நிலம் குலுங்கியது. விடிந்ததும் ஹெலிகாப்டரிலிருந்து எடுத்த ஒரு படம் உலகெங்கும் பரவியது. மேய்ச்சல் நிலம் சரிந்துபோக, தீவு போல மிஞ்சிய ஒரு புல் மேட்டில் இரண்டு பசுக்களும் ஒரு கன்றும் நின்றன. மாட்டுக்காரர் ஆட்களோடு போய் மண்ணை வெட்டித் தடம் போட்டு மூன்றையும் இறக்கினார். மாடு வளர்ப்பவர் யாரும் அந்தப் படத்தை மறந்திருக்க மாட்டார்கள்.

அந்த நிலநடுக்கம் காய்கோரா என்ற ஊரின் பெயரால் அறியப்படுகிறது. கிறைஸ்ட்சர்ச் நகரிலிருந்து வடக்கே சுமார் 180 கி.மீ. தூரம். ஒரு பக்கம் பனி மூடும் மலை, மறுபக்கம் கடல், நடுவில் மேய்ச்சல் நிலம். கரைப் பாறைகளில் கடல்நாய்கள் வெயில் காய்ந்து கிடக்கும். அவற்றுக்கும் கடலுக்கும் குறுக்கே மட்டும் போய் நிற்கக் கூடாது. மாவோரி மொழியில் 'காய்' என்றால் சாப்பாடு. நம் காய்கறிக் காய் அல்ல. 'கோரா' என்பது சிங்கி இறால். ஊர்ப் பெயரே விருந்துக்கு அழைக்கிறது.

ஆனால் ஊருக்கு வருகிறவர்கள் தேடுவது திமிங்கலத்தை. கரைக்கு வெகு அருகிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. ஆழத்துச் சத்து நீர் மேலே வருவதால் அங்கே கடலுக்கு உரம் இட்டது போல ஆகிறது. நுண்ணுயிர் பெருக, மீனும் கணவாயும் சேர்கின்றன. அவற்றைத் தேடி ஸ்பெர்ம் திமிங்கலங்கள் வருகின்றன. மூழ்கினால் முக்கால் மணி நேரம் கூட மேலே வராது. படகில் போனவர்கள் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.

1842-இல் இங்கே தொடங்கியது திமிங்கல வேட்டை. அக்காலத்து வீடு ஒன்று இன்னும் இருக்கிறது. அதன் அடித்தாங்கலுக்குத் திமிங்கலத்தின் முதுகெலும்புகளையே வைத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டிய வீடு, பார்த்தால் மனம் சங்கடப்படும்.

1980-களில் ரயில்வேயில் ஆட்குறைப்பு வந்தபோது அதிகம் வேலை இழந்தவர்கள் இவ்வூர் மாவோரி மக்கள். 1987-இல் நான்கு குடும்பங்கள் வீட்டை அடமானம் வைத்துக் கடன் வாங்கி, ஒரு சிறு படகில் திமிங்கலம் காட்டும் தொழிலைத் தொடங்கின. மழையை நம்பி நகையை வைத்தவர்களுக்கு அந்த நாட்களின் தூக்கம் எப்படி இருந்திருக்கும் என்று தெரியும். தொழில் நின்றது, ஊருக்கே வேலை கொடுத்தது. திமிங்கலம் கண்ணில் படாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பித் தருகிறார்கள்.

நிலநடுக்கத்தில் சாலையும் ரயில் பாதையும் மண்சரிவில் மூடின. ஊரில் சிக்கிய பயணிகளுக்கு மாவோரிகளின் பொதுக்கூடமான 'மராயே' கதவைத் திறந்தது. அங்கே வந்தவர்களுக்குச் சிங்கி இறாலையே சமைத்துப் போட்டார்கள். விலை உயர்ந்த பண்டம்தான், ஆனால் கையில் இருந்தது அது.

கடலோரத்துக்கு விழுந்த அடி வேறு. கடல்தரை பல இடங்களில் ஒன்றிரண்டு மீட்டர் உயர்ந்து வெளியே வந்துவிட்டது. பாறையில் ஒட்டி வாழும் 'பாவா' என்ற ஒற்றை ஓட்டுச் சிப்பி வெயிலில் ஏராளமாகச் செத்தது. தன்னார்வலர்கள் முடிந்த வரை எடுத்துத் தண்ணீரில் விட்டார்கள். வளம் குன்றிய இடத்தில் சில காலம் யாரும் எடுக்கக் கூடாது என்று தடுப்பது மாவோரி மரபு. அதற்கு 'ராஹுயி' என்று பெயர். அரசும் அந்தக் கரையில் பாவா எடுக்கத் தடை போட்டது. சாலை 2017 டிசம்பரில் திறந்தது. பாவாவுக்கு 2021 டிசம்பர் வரை, ஐந்து ஆண்டு, காத்திருந்தார்கள். திறந்தபோதும் மூன்று மாதத்துக்கு மட்டும். அளவு பார்த்து, சிறியதைப் பாறையிலேயே திரும்ப வைத்துவிட வேண்டும்.