ஹெரால்டுக்கும் எண்ணெய்க் குளியல்!

மாமனார் ஆசையாக வைத்திருந்த 1965 ஸ்டாண்டர்டு ஹெரால்டு இப்போது என் பொறுப்பு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962-ல் ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரையே செய்தார்கள்!

"முன்சக்கரத்தைத் தாங்கித் திருப்புற ட்ரன்னியனுக்கு கியர் ஆயில்தான் விடணும்மா, கிரீஸ் கூடாது" என்பார் மாமா. நானோ, 'எல்லாம் ஒண்ணுதானே' என்று கிரீஸையே அடைத்து வந்தேன். கெட்டியான கிரீஸ் மரைக்குள் சரியாக இறங்கவில்லை. ஒருநாள் குழந்தையோடு தெருமுனையில் திரும்பும்போது, மடக்கென்று சக்கரம் மடங்கிவிட்டது! மெதுவாகப் போனதால் தப்பித்தோம்.

அலங்கார வேலையெல்லாம் அப்புறம் என்று, முதலில் பின் சீட்டுக்கு பெல்ட் பொருத்தினேன். இப்போது தீபாவளிக்கும் சித்திரைக்கும் எங்களோடு ஹெரால்டுக்கும் எண்ணெய்க் குளியல்தான். பெரியவங்க சொல்லை அலட்சியம் செய்யலாமா, சொல்லுங்கள்!