ஒரு டிக்கெட், ரெண்டு படம்!

லாஸ் ஏஞ்சலிஸ் போகிறவர்கள் 'ஹாலிவுட்' எழுத்துக்கள் தெரிகிற மாதிரி நின்று போட்டோ எடுத்துக் கொள்வார்கள். நான் 'நியூ பெவர்லி' தியேட்டர் வாசலில் கியூவில் நின்றேன். கலைத் தாகம் எல்லாம் இல்லை சார். ஒரு டிக்கெட்டில் ரெண்டு படம்! பி.காம். படித்த புத்தி எங்கே போகும்?

''வீட்லயே டி.வி.ல பார்க்கலாமேண்ணா'' என்று முனகினான், அங்கே வேலை பார்க்கும் சித்தி பையன்.

1978-ல் ஷெர்மன் டார்கன் என்பவர் ஆரம்பித்த இரட்டைப் படக் காட்சி இது. 2007-ல் அவர் இறந்ததும் தியேட்டர் கைநழுவிப் போகப் பார்த்தது. டைரக்டர் டரான்டினோ விலைக்கு வாங்கிக் காப்பாற்றினார். இன்றும் பிலிம்தான், டிஜிட்டல் கிடையாது.

அன்றைக்கு பாம் கிரியர் நடித்த 'ஃபாக்ஸி பிரவுன்' (1974), அடுத்து 'காஃபி' (1973). ரெண்டும் ஜாக் ஹில் டைரக்ஷன். சின்ன பட்ஜெட், கவர்ச்சி போஸ்டர், துப்பாக்கி... பெரிய மனிதர்கள் மூக்கைப் பொத்திக் கொள்கிற ரகம்.

முதல் படம் முடிந்ததும், ''கிளம்பலாம்ணா'' என்றான்.

''காசு கொடுத்தாச்சு. உட்காருடா!''

'காஃபி' ஒரு நர்ஸ். தங்கையைப் போதைக்கு அடிமையாக்கிய கும்பலைத் தேடித் தேடிப் பழிவாங்குகிறாள். பக்கத்தில் பாப்கார்ன் கொறிக்கும் சத்தம் நின்று போயிருந்தது.

வெளியே வந்ததும் பயல் ஊருக்குப் போன் போட்டான். ''என்னடி, சாப்டியா?'' ஆறு மாசமாகத் தங்கையோடு பேச்சு வார்த்தை கிடையாது!

டி.வி.யில் நாம் தேடுகிற படம்தான் வரும். இங்கே தேடாததும் வருகிறது. 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' போர்டைப் பார்த்து இனிமேல் சிரிக்க மாட்டேன்.