கபருஸ்தான் டிராக்டரும் இறுகிப்போன கியரும்

பூவிருந்தவல்லியைச் சுற்றியுள்ள மஹல்லாக்களில் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் முதலில் எழும் கவலை கபருஸ்தானைப் பற்றியதுதான். புல் இடுப்பளவு வளர்ந்துவிடும். சீமைக் கருவேலம் முளைத்துவிடும். தந்தையின் கபரைத் தேடி வரும் மகன் நெடுநேரம் தடுமாறி நிற்பதை நாங்கள் கண்டிருக்கிறோம்.

எங்கள் மதரஸாவுக்கும் கபருஸ்தானுக்கும் பொதுவாக ஒரு சிறிய டிராக்டர் உண்டு. தம் தோட்டத்தில் ஓட்டிய வண்டியை ஒரு பெரியவர் வக்ஃபாக அளித்துச் சென்றார். முகப்பிலிருந்த பெயர்த் தகடு எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. புதர் வெட்டவும், மரக்கன்றுகளுக்குத் தண்ணீர்த் தொட்டி இழுக்கவும், மண் சுமக்கவும் அதுவே துணை. இவ்வாண்டு மழைக்குப் பின் அதன் கியர் இறுகிவிட்டது. இரு கைகளாலும் தள்ளினால்தான் முதல் கியர் விழும்; பின்கியர் பல நேரம் விழுவதே இல்லை. வெட்டவெளியில் இது பெருங்குறையன்று. கபருகளுக்கிடையே வண்டியைத் திருப்பும்போது பின்கியர் விழாவிட்டால், சக்கரம் ஒரு கபரின் மீது ஏறிவிடுமோ என்று நெஞ்சு பதைக்கும். ஓட்டுகின்ற தம்பி, "இனி உள்ளே கொண்டுபோக மாட்டேன் ஹஜ்ரத்" என்று சாவியை மேசைமீது வைத்துவிட்டார்.

கியர் பெட்டியை முழுவதும் இறக்கிப் பிரிக்க வேண்டும் என்றது ஒரு பட்டறை. அவர்கள் கேட்ட தொகை எங்கள் ஆசிரியர் இருவரின் மூன்று மாதச் சம்பளத்துக்கு நிகரானது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம் என்றார் நிர்வாகத்தில் ஒருவர். முத்தவல்லி எங்களிடம் கருத்துக் கேட்டார்.

வக்ஃபு என்றதும் நிலமும் கட்டடமுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் கோடரி, மண்வெட்டி, ரம்பம், ஜனாஸா சந்தூக், சமையல் பாத்திரம் போன்றவற்றையும் மக்கள் வழக்கத்தின் அடிப்படையில் வக்ஃபு செய்யலாம் என்பது இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்களின் கருத்து. ஹனஃபி சட்ட நூலாகிய ஹிதாயா இதைப் பதிவு செய்கிறது. வக்ஃபின் வருமானத்திலிருந்து முதலில் அதன் பராமரிப்புக்கே செலவிட வேண்டும் என்பதும் அந்நூலில் உண்டு. மண்வெட்டிக்குப் பொருந்துவது மண் சுமக்கும் இவ்வண்டிக்கும் பொருந்தும் என்றே நாங்கள் கொண்டோம். ஆகவே விற்பது முதல் யோசனையாக இருக்கலாகாது. அதேவேளை, பழுது எங்கே என்றறியாமல் பொதுப்பணத்தை இறைப்பதும் அமானிதத்துக்கு அழகன்று.

இயந்திரம் அறிந்தவருக்கு இப்பகுதியில் பஞ்சமில்லை. 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸ் அம்பத்தூரில் இருந்தது. 1960இல் நிறுவப்பட்ட டாஃபே நிறுவனம் டிராக்டர் செய்த செம்பியமும் தொலைவில் இல்லை. ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. அந்தத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் வசிக்கிறார். அஸர் தொழுகைக்குப் பின் அவரை அழைத்து வந்தோம்.

அவர் ஸ்பானரைத் தொடவே இல்லை. "எஞ்சினை நிறுத்திவிட்டுக் கியரைப் போட்டுப் பாருங்க ஹஜ்ரத்" என்றார். எஞ்சின் ஓடாதபோது எளிதாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கிளட்ச் முழுமையாகப் பிரியவில்லை என்று பொருள். இரு நிலையிலும் இறுகினால் லீவரிலோ பெட்டிக்குள்ளோ கோளாறு. நின்ற நிலையில் பல்லும் பல்லும் நேருக்கு நேர் முட்டி நிற்பதும் உண்டு. அப்போது வண்டியைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்க வேண்டும். எங்கள் வண்டி இரு நிலையிலும் இறுகியது; எஞ்சின் ஓடுகையில் இன்னும் அதிகம்.

எனவே கோளாறு ஒன்றல்ல என்று தெரிந்தது. கிளட்ச் பெடல் வெறுமனே அமுங்கும் இடைவெளி இத்தகைய வண்டிகளில் பொதுவாக ஓர் அங்குலத்தை ஒட்டி இருக்கும். எங்களுடையதில் அது இரு மடங்கு. இணைப்புக் கம்பியின் பின் நுழையும் துளை தேய்ந்து முட்டை வடிவாகியிருந்தது. அம்பத்தூர் லேத் பட்டறை ஒன்றில் புஷ் போட்டு, புதுப் பின் மாட்டி, இடைவெளியைச் சரிசெய்தோம். இடைவெளி அறவே இல்லாமற் போனாலும் தீங்குதான். கிளட்ச் வழுக்கி, பேரிங் தேய்ந்துவிடும்.

அடுத்தது லீவர். அதன் அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருந்தது. மழைநீர் அவ்வழியே இறங்கி, லீவர் திரும்பும் குமிழைத் துருப்பிடிக்கச் செய்திருந்தது. மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தபோது செந்நிறச் சேறாக வழிந்தது. பின்பு கிரீஸ் பூசினோம். அதே நீர் பெட்டிக்குள்ளும் இறங்கியிருக்கும் என்று ஐயா முன்கூட்டியே சொல்லிவிட்டார். வண்டியைச் சற்று ஓட்டிச் சூடேற்றி அடித் திருகைக் கழற்றியபோது, வந்தது எண்ணெயன்று, பால் கலந்த தேநீர். அடியில் மெல்லிய இரும்புப் பொடி இருந்ததே தவிர, உடைந்த பல் துண்டு எதுவும் இல்லை. அதைக் கண்ட பிறகே முத்தவல்லியின் முகம் தெளிந்தது.

புதிய எண்ணெயைச் சிறிது ஊற்றி, மெதுவாக ஓட்டி, அதையும் வடித்துவிட்டே முழு அளவை நிரப்பினோம். கடைக்காரர் கெட்டியான 140ஐத் தர முனைந்தார். கையேட்டில் உள்ளபடி 90 போதும் என்று மறுத்துவிட்டோம். கெட்டியான எண்ணெயே உயர்ந்தது என்ற எண்ணம் நம்மிடையே ஏன் இத்தனை ஆழமாகப் பதிந்திருக்கிறதோ! வடித்த கழிவெண்ணெயைக் கபருஸ்தான் ஓரத்தில் கொட்டிவிடலாம் என்றார் ஒருவர். அந்த மண்ணிலா என்று தடுத்து, டப்பாவில் அடைத்துப் பழைய எண்ணெய் வாங்குபவரிடம் கொடுத்தோம்.

ஆன செலவில் பெரும்பகுதி எண்ணெய்க்கே. ரப்பர் உறை நூறு ரூபாயைக்கூட எட்டவில்லை. இப்போது முதல் கியரும் பின்கியரும் ஒரு கையில் விழுகின்றன. பழைய வகைப் பெட்டியாதலால், வண்டி முற்றிலும் நின்ற பின்பே கியர் மாற்ற வேண்டும் என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறோம். மூன்றாம் கியர் மட்டும் இன்னும் சற்று முரண்டு பிடிக்கிறது. உள்ளே ஃபோர்க் தேய்ந்திருக்கலாம், அதற்கு மேல்மூடியைத் திறந்தாக வேண்டும் என்கிறார் ஐயா. கபருஸ்தானுக்குள் மூன்றாம் கியர் தேவைப்படுவதில்லை. ஆகவே அதை ஷஃபான் மாதக் கணக்கு முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று முத்தவல்லி எழுதி வைத்திருக்கிறார். தெற்கு வரிசைப் புதரை இந்த வியாழன் அஸருக்குப் பின் வெட்டுகிறோம், இன்ஷா அல்லாஹ்.