இன்னும் ஒரு வெயில்

கோடை விடுமுறை வந்தால் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் போகிறவர்கள் போகட்டும். எனக்கு வாய்த்த கோடைவாசத் தலம் எங்கள் வீட்டுப் புறவாசல். அங்கே ஏரி இல்லை. ஒரு கிணறு உண்டு. படகு இல்லை; வாளியும் கயிறும் உண்டு. மலர்க் கண்காட்சிக்கு வெண்டைப் பூ போதும். மஞ்சள் இதழும் அடியில் அரக்குப் பொட்டுமாக அது காலையில் விரியும் அழகே அழகு! (தாவரவியல் பேராசிரியர் மன்னிக்க, அப்போது எனக்கு அதன் குடும்பப் பெயர் நினைவுக்கு வருவதேயில்லை.)

தோட்டம் என்றதும் ஏக்கர் கணக்கில் எண்ணிவிடாதீர்கள். தென்காசிப் பக்கத்துச் சிற்றூரில், மூன்று சென்ட் நிலத்துக்குள் அடங்கியது எங்கள் செல்வம். குளித்த நீரும் பாத்திரம் கழுவிய நீரும் வாய்க்கால் வழியே பாத்திக்குப் போய்விடும். மாசியில் ஊன்றிய விதை சித்திரையில் காய்த்துக் குலுங்கும். வெண்டைக்காயை ஒரு நாள் விட்டு ஒரு நாள் பறித்தாக வேண்டும். மறந்தால் முற்றி விறகாகிவிடும். நுனியை ஒடித்தால் 'பட்'டென்று ஒடிய வேண்டும். சீனியவரை கொத்துக் கொத்தாய்த் தொங்கும். வேலியோரத்துச் சுண்டைச் செடியை யாரும் நட்டதில்லை; அது தானே வந்தது, முள்ளோடு வந்தது. மிளகாய்ச் செடிகளோ இலை எது காய் எது என்று தெரியாதபடி காய்த்தன.

பறிப்பதுவரை இன்பம்தான். பறித்ததை என்ன செய்வது? நாங்கள் தின்றோம், அண்டை வீட்டார் தின்றார்கள். சந்தைக்குக் கொண்டு போகலாமென்றால், ஊரெல்லாம் காய்க்கிற காலத்தில் வாங்குவார் யார்? மிஞ்சியதெல்லாம் வற்றலாக வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எங்கள் வீட்டுக் குழம்பு அந்த வற்றலை நம்பித்தான் கொதிக்கிறது.

இதுவரை அது ஆச்சியின் இலாகா. அம்மாவுக்குப் பீடித் தட்டிலிருந்து தலைநிமிர நேரம் கிடையாது. ஆனால் இரண்டு ஆண்டுகளாக ஆச்சிக்குக் கண் மங்கிவிட்டது. மாடிப்படி ஏறவும் முடியவில்லை. சித்திரைப் பிறப்பன்று என்னைக் கூப்பிட்டாள்.

"ஏலே, இந்த வருசம் வத்தல் நீதான் போடணும்."

"ஆம்பளப் பய வத்தல் போட்டா ஊர் சிரிக்காதா, ஆச்சி?"

"வெயிலுக்கு ஆம்பள பொம்பள தெரியுமாலே?"

நமது வாதத் திறமையெல்லாம் கல்லூரிப் பட்டிமன்றத்தோடு சரி.

சீனியவரையை உப்பு நீரில் அரை வேக்காடு வேக வைத்துக் காய வைத்தேன். சுண்டைக்காயைத் தட்டி, உப்பிட்ட புளித்த மோரில் ஊற வைத்தேன். இரண்டும் என் மானத்தைக் காத்தன. மோர்மிளகாய்தான் வாங்கிவிட்டது. கீறிய மிளகாயைப் பகலில் வெயிலில் பரப்ப வேண்டும். இரவில் மீண்டும் மோரில் போட வேண்டும். மோர் முழுவதும் சுண்டும் வரை இந்த நடை நடக்க வேண்டும். உப்பு உள்ளிருக்கும் நீரை வெளியே இழுப்பதை வகுப்பில் 'சவ்வூடு பரவல்' என்று படித்திருக்கிறோம். ஆச்சிக்கு அந்தப் பெயர் தெரியாது. "உப்பு தண்ணியக் குடிச்சிரும்லே" என்பாள். தேர்வில் அப்படி எழுதினால் எத்தனை மதிப்பெண் கிடைக்குமோ!

கடைசி நாள் பிற்பகல், காயட்டும் என்று விட்டுவிட்டு, வறண்ட குளத்துக்குக் கிரிக்கெட் ஆடப் போனேன். கோடை மழை வந்தது. ஓடி வருவதற்குள் பாயோடு நனைந்துவிட்டது. மறுநாள் காய வைத்தேன். மாலையில் பார்த்தால் மேலெல்லாம் நன்றாக உலர்ந்திருந்தது. ஆச்சியிடம் காட்டவில்லை. அவளுக்குத்தான் கண் தெரியாதே என்று என் புத்தி சொல்லிற்று. ஜாடியில் போட்டு வாயைக் கட்டினேன்.

பத்து நாள் கழித்து அம்மா திறந்தாள். வெள்ளைப் பூஞ்சை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ஜாடியை மூடி வைத்துவிட்டுத் தட்டின் முன் போய் உட்கார்ந்தாள். மிளகாய் எங்கள் செடியில் காய்த்தது; தயிர் அப்படியல்ல. அது அந்தத் தட்டிலிருந்து வந்த காசு. அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செடியில் இன்னொரு பறிப்பு இருந்தது. ஆனால் வைகாசி முடியப் போகிறது. ஆனி பிறந்தால் எங்கள் பக்கம் சாரல். அப்புறம் துணிகூடக் காயாது. மறுபடி கீறினேன், ஊற வைத்தேன், மாடிக்கும் அடுக்களைக்குமாக நடந்தேன். குளத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆறாம் நாள் மாலை ஒரு கை அள்ளி ஆச்சியிடம் கொண்டுபோனேன்.

அவள் தொட்டுப் பார்க்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் காதருகே கொண்டுபோய், "குலுக்கு" என்றாள். குலுக்கினேன்.

"காய்ஞ்ச வத்தல் கலகலன்னு பேசும். இது முணுமுணுங்கு. போன தடவ இப்பிடி ஒரு தடவ எங்கிட்ட குலுக்கிக் காட்டிருக்கலாம்லா?"

நான் பதில் சொல்லவில்லை.

"இன்னும் ஒரு வெயில் காயணும்."

மாடிக்குப் போய் மேற்கே பார்த்தேன். மலையின் தலையில் மேகம் கட்டியிருந்தது. மிளகாய்களை வாரிச் சுளகில் போட்டு, வீட்டுக்குள் கொண்டுவந்து, விடியட்டும் என்று பக்கத்திலேயே படுத்துக்கொண்டேன்.