மறுமுனையில் யார்?

6 ஜனவரி 2025, திங்கள்

மாமாவின் மோட்டார் கொட்டகை இருந்த இடத்தில் இப்போது நாலு செங்கல்லும் மணலும்தான் கிடக்கின்றன. டிசம்பர் 2 அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி வெளியேறியது. ஊருக்குள் சொல்லிவிட்டார்கள். கொல்லையில் படுத்திருந்த மாமாவுக்குக் காதில் விழவில்லை. தண்ணீர் கயிற்றுக் கட்டிலைத் தொட்ட பிறகுதான் விழித்தாராம். உயிர் தப்பியது. மோட்டாரும் ஸ்டார்ட்டர் பெட்டியும் தென்பெண்ணையோடு போய்விட்டன.

அதனால்தான் இந்த வேலையைக் கையில் எடுத்தேன். கரை மேட்டில் ஒரு கம்பம், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு அல்ட்ராசோனிக் சென்சார், பெட்டிக்குள் சின்ன லினக்ஸ் போர்டு, சிம் போட்ட மோடம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அளவு சென்னையில் உள்ள வாடகை சர்வருக்குப் போகும். குறித்த அளவைத் தாண்டினால் எங்கள் குடும்பத்து ஏழு போன்களும் அலறும். அரசு எச்சரிக்கைக்கு இது மாற்றில்லை, எங்கள் கொல்லைக்கு மட்டும்.

சி மொழியில் சாக்கெட் திறந்து அனுப்புவது மதியத்துக்குள் முடிந்தது. நெட்வொர்க்கில் ஓடுவதைக் காட்டும் வயர்ஷார்க்கில் பார்த்தால் “மட்டம்=0.84” என்று பளிச்சென்று தெரிகிறது. இதை டிஎல்எஸ் மறையாக்கம் போட்டு மூட வேண்டும் என்றேன். மாமா சிரித்தார். “ஆத்துல எவ்ளோ தண்ணின்னு பாலத்துல நின்னா எவனும் பாக்கலாம். அதுக்கு எதுக்குடா பூட்டு?”

பதில் வரவில்லை. கேள்வி நியாயமானது.

7 ஜனவரி, செவ்வாய்

பதில் கிடைத்தது, அதுவும் என் கையாலேயே. இன்னொரு லேப்டாப்பிலிருந்து அதே சர்வருக்கு “மட்டம்=6.20” என்று ஒரு வரி அனுப்பிப் பார்த்தேன். சர்வர் கேள்வி எதுவும் கேட்கவில்லை. அத்தனை போன்களும் அலறின. அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு ஓடி வந்தார்.

மாமாவிடம் சொன்னேன்: “மறைக்கறதுக்கு இல்ல மாமா. சொல்றது யாருன்னு தெரிஞ்சுக்கறதுக்கு.” அவர் சிரிக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு எவனோ ஒருவன் வீட்டையே கிளப்பிவிட முடியும் என்பது அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. வெள்ளம் வரும்போது “மட்டம்=0.84” என்று எவனாவது அனுப்பிக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்பதும்.

8 ஜனவரி, புதன்

டிஎல்எஸ்ஸுக்கான நூலகம், ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0. காலையில் உட்கார்ந்தேன். நிரல் முழுவதற்கும் ஒரு முறை உருவாக்கும் பொது அமைப்பு ஒன்று, அதுதான் கான்டெக்ஸ்ட். ஒவ்வொரு இணைப்புக்கும் அதிலிருந்து பிறக்கும் எஸ்எஸ்எல் பொருள் ஒன்று. அதைச் சாக்கெட்டோடு கட்டி, எஸ்எஸ்எல்_கனெக்ட் அழைத்தால் ஹேண்ட்ஷேக். நாற்பது வரிதான். வயர்ஷார்க்கில் இப்போது குப்பை மாதிரி எழுத்துகள். மனசு நிறைந்து போய் டீ குடிக்கக் கிளம்பினேன். கடை வாசலில் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றன.

திரும்பி வந்ததும் ஒரு சந்தேகம். என் லேப்டாப்பிலேயே போலி சர்வர் ஒன்றை ஓடவிட்டு, நானே கையெழுத்திட்ட சான்றிதழை அதற்குக் கொடுத்தேன். போர்டை அதன் பக்கம் திருப்பினேன். எந்தத் தடையும் இல்லாமல் இணைந்து, மட்டத்தைப் பத்திரமாக, மறையாக்கம் செய்து, போலியிடமே ஒப்படைத்தது!

ஓப்பன்எஸ்எஸ்எல்லில் கிளையன்ட் பக்கம் நாம் சொல்லாதவரை சான்றிதழ் தவறாக இருந்தாலும் இணைப்பு தொடரும். வேலை செய்கிறது என்பதற்கும் பாதுகாப்பாக இருக்கிறது என்பதற்கும் சம்பந்தமே இல்லை. பூட்டு கெட்டியானதுதான். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்று பார்க்காமல் கொடுத்திருக்கிறேன்.

எஸ்எஸ்எல்_வெரிஃபை_பியர் போட்டேன். உடனே பிழை எண் 20: சான்றிதழை வழங்கியவர் யாரென்று தெரியவில்லை. மற்ற சான்றிதழ்களுக்குச் சாட்சி சொல்லும் ரூட் சான்றிதழ்கள் சிஸ்டத்தில் இருக்கும், அவற்றை ஏற்றச் சொல்லி ஒரு வரி. அசல் சர்வர் இப்போது தேறியது, போலி விழுந்தது.

அதோடு விடவில்லை. எனக்குச் சொந்தமான வேறொரு டொமைனின் நல்ல சான்றிதழைப் போலி சர்வருக்குக் கொடுத்தேன். அதையும் ஏற்றுக்கொண்டது. சான்றிதழ் அசல்தான், ஆள்தான் வேறு. எந்தப் பெயரை எதிர்பார்க்கிறோம் என்பதை எஸ்எஸ்எல்_செட்1_ஹோஸ்ட் வழியாகச் சொல்ல வேண்டும். 1.0.2-க்கு முந்தைய பதிப்புகளில் இந்தப் பெயர்ப் பொருத்தம் நூலகத்திலேயே கிடையாது, நிரல் எழுதுபவனே செய்ய வேண்டும். எத்தனை பேர் செய்திருப்பார்கள்! வரியைச் சேர்த்ததும் பிழை எண் 62: பெயர் பொருந்தவில்லை. இன்றைக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான்.

9 ஜனவரி, வியாழன்

ஆயாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் ஆற்றில் வெள்ளம் என்றால் தண்டோராதானாம். “பறை சத்தம் கேட்டா மட்டும் எழுந்திருக்க மாட்டோம். அடிக்கிறது யாருன்னு தெரியணும். குரல் தெரியும் எங்களுக்கு.” கொஞ்சம் நிறுத்தி, “பாவம், மழையோ வெயிலோ, அவரத்தான் அனுப்புவாங்க” என்றார். 2022 ஆகஸ்டில் தண்டோரா வழக்கமே வேண்டாம், வண்டியில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லுங்கள் என்று தலைமைச் செயலாளர் ஆட்சியர்களுக்கு எழுதினார். சரியான முடிவு. ஆனால் ஆயா சொன்ன முதல் விஷயம் மண்டையில் ஓடிக்கொண்டே இருக்கிறது. குரலைத் தெரிந்துவைத்திருந்தார்கள். நான் எத்தனை குரல்களை நம்பச் சொல்லி நேற்று எழுதினேன்?

எண்ணிப் பார்த்தேன். போர்டில் உள்ள ரூட் சான்றிதழ்கள் நூற்றுக்கு மேல். அதில் எந்த ஒன்று தவறினாலும் என் சர்வரின் பெயரில் ஒரு சான்றிதழ் பிறக்கலாம். இது நம் நாட்டிலேயே நடந்தது. 2014 ஜூலை 2 அன்று, கூகுளின் டொமைன்களுக்கு அனுமதியில்லாத சான்றிதழ்கள் வெளியாகியிருப்பதைக் கூகுள் கண்டுபிடித்தது. அவை வந்தது தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி.யின் சான்றிதழ் வழங்கும் பிரிவிலிருந்து. அதற்கு மேலே இருந்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ், சான்றிதழ் வழங்குவோரைக் கட்டுப்படுத்தும் சி.சி.ஏ. அந்த ரூட் விண்டோஸின் பட்டியலில் இருந்ததால் அங்கே ஓடிய பெரும்பாலான நிரல்கள் அதை நம்பின. தனிப் பட்டியல் வைத்திருந்த ஃபயர்பாக்ஸ் நம்பவில்லை. மறுநாளே சி.சி.ஏ. என்.ஐ.சி.யின் இடைநிலைச் சான்றிதழ்களை ரத்து செய்தது.

என் கம்பம் பேசப்போவது உலகத்தில் ஒரே ஒரு சர்வரோடு. அதற்கு எதற்கு நூறு பேர் சாட்சி? நானே சின்னதாக ஒரு ரூட் செய்து, அதைக் கொண்டு சர்வர் சான்றிதழில் கையெழுத்திட்டேன். ரூட்டின் சாவி ஒரு பென்டிரைவில், ஆயாவின் டிரங்குப் பெட்டிக்குள். போர்டில் இனி அந்த ஒரே ரூட்தான்.

11 ஜனவரி, சனி

காலையில் ஒரு மணி நேரம் கரன்ட் இல்லை. வந்த பிறகு போர்டு பேசவே மறுத்தது. பிழை எண் 9: சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவில்லை.

முந்தாநாள் செய்த சான்றிதழ் எப்படித் தொடங்காமல் இருக்கும்? தேதியைக் கேட்டேன். 1970 ஜனவரி 1 என்றது. போர்டில் கடிகார பேட்டரி கிடையாது. கரன்ட் போனால் யுனிக்ஸின் தொடக்க நாளுக்கே போய்விடுகிறது. அந்த நாளில் நின்று பார்த்தால் என் சான்றிதழ் மட்டுமல்ல, நானே பிறந்திருக்க மாட்டேன்.

நெட்வொர்க்கில் நேரம் கேட்கலாம். ஆனால் சாதாரண என்டிபி பதிலில் கையெழுத்து இல்லை, யார் வேண்டுமானாலும் பொய் நேரம் சொல்லலாம். வெரிஃபையை அணைத்துவிட்டால் ஒரே வரியில் எல்லாம் தீரும். அந்த வரியை எழுதினேன். ஓடியது. வெள்ளம் வரும் ராத்திரியில்தான் கரன்ட் போகும் என்பதும் உடனே நினைவுக்கு வந்தது. அதாவது, எந்த ராத்திரிக்காக இதைச் செய்கிறேனோ அன்றைக்குத்தான் சரிபார்ப்பு இருக்காது.

பட்டன் பேட்டரி வைத்த கடிகார மாட்யூல் ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தது. சால்டர் செய்தேன். கூடவே நிரலில் ஒரு காவல்: நிரலைத் தொகுத்த நாளுக்கு முந்தைய தேதியைக் கடிகாரம் காட்டினால் அது பொய், நேரத்தைச் சரிசெய்யாமல் இணையாதே. வெரிஃபையை அணைத்த வரி இன்னும் கோப்பில் கமென்ட்டாகக் கிடக்கிறது.

13 ஜனவரி, திங்கள், போகி

தெருவெல்லாம் புகை. நானும் பழசைக் கழித்தேன். முதலில் அந்தக் கமென்ட் வரி. கமென்ட்டில் கிடப்பது என்றைக்காவது எழுந்து வரும். அடுத்து டிஎல்எஸ் 1.0, 1.1 இரண்டும். 2021-லேயே முறைப்படி ஓய்வு கொடுத்துவிட்டார்கள். குறைந்தபட்சம் 1.2 என்று ஒரு வரி.

சி மொழியில் ஒரு வரி என்னவெல்லாம் செய்யும் என்பதற்கு ஆப்பிளின் கதை போதும். அவர்களுடைய டிஎல்எஸ் நிரலில் இருந்த ஒரு ஓட்டையை 2014 பிப்ரவரியில் சரிசெய்தார்கள். “கோட்டு ஃபெயில்” என்ற வரி அடுத்தடுத்து இரண்டு முறை விழுந்திருந்தது. முதலாவது ‘இஃப்’புக்குக் கட்டுப்பட்டது, இரண்டாவது யாருக்கும் கட்டுப்படாதது. அதனால் சர்வரின் கையெழுத்தைச் சரிபார்க்கும் இடத்தைத் தாண்டிக் குதித்து, “எல்லாம் சரி” என்று திரும்பியது. ஐபோன்கள் அந்த நிலையில்தான் ஓடிக்கொண்டிருந்தன. நல்ல சான்றிதழ்கள் எல்லாம் தேறின, அதனால் யாருக்கும் தெரியவில்லை. தேறக் கூடாதது தேறுகிறதா என்று பார்த்திருந்தால்தான் தெரிந்திருக்கும்.

16 ஜனவரி, வியாழன், காணும் பொங்கல்

எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். வீடு அமைதி.

இரண்டு வேலை. சர்வரைக் கம்பம் அடையாளம் கண்டுகொள்கிறது, கம்பத்தைச் சர்வர்? 7-ஆம் தேதி நான் அனுப்பிய பொய் 6.20 இன்னும் நுழையும். கம்பத்துக்கும் ஒரு சான்றிதழ் செய்து, அது இல்லாதவர் பேச வந்தால் ஹேண்ட்ஷேக்கிலேயே வெட்டிவிடச் சொன்னேன். லேப்டாப்பிலிருந்து மறுபடியும் 6.20 அனுப்பினேன். கதவு திறக்கவில்லை.

அடுத்தது, பாதியில் அறுவது. “12.4” துண்டுதுண்டாகப் போகும்போது “1” வந்ததும் இணைப்பு போனால்? சர்வர் ஒரு அடி என்று எடுத்துக்கொள்ளும். டிஎல்எஸ்ஸில் முறையாக விடைபெற ஒரு செய்தி உண்டு. அது வராமல் சாக்கெட் மூடினால் ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அதைப் பிழையாகவே சொல்கிறது. அப்படி வந்தால் அளவைத் தூக்கி எறி என்று எழுதினேன். மறுமுனை மூடிய பிறகு எழுதப்போனால் சிக்பைப் என்ற சிக்னல் வந்து நிரலைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும். அதைப் புறக்கணிக்க ஒரு வரி.

18 ஜனவரி, சனி, ஆற்றுத் திருவிழா

தை ஐந்து. அண்ணாமலையார் தீர்த்தவாரிக்கு மணலூர்பேட்டை தென்பெண்ணைக்கு வரும் நாள். ஒன்றரை மாதத்துக்கு முன்னால் கரையை விழுங்கிய ஆறு, இன்று பொரியும் கரும்பும் விற்கிற மணல் திட்டாக இருக்கிறது.

சாயங்காலம் மாமாவுக்குச் செய்து காட்டினேன். போலி சர்வர்: மறுத்தது. தவறான பெயர்: மறுத்தது. பொய்த் தேதி: மறுத்தது. மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். அப்புறம் கேட்டார்: “எல்லாத்தையும் வேணாம்னு சொல்லிட்டா, எனக்கு யாரு சொல்றது?”

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். சந்தேகம் வந்தால் பேசாதே என்று எழுதிவைத்திருக்கிறேன். ஆறு அமைதியாக இருந்தாலும் போன் பேசாது, கம்பத்தையே ஆறு கொண்டுபோனாலும் போன் பேசாது. படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

“நைட்ல கூர்க்கா விசில் அடிச்சிட்டுப் போவான்ல. அது கேக்கலன்னாதான் எழுந்து பாப்போம்” என்றார் மாமா.

ராத்திரி பதினொன்றுக்கு சர்வரில் எழுதி முடித்தேன். பத்து நிமிட அளவே இனி விசில். சரிபார்க்கப்பட்ட செய்தி மூன்று முறை தொடர்ந்து வராவிட்டால், ஆறு என்ன அளவில் இருந்தாலும் போன்கள் அலறும். சோதிக்க மோடத்தின் வயரைப் பிடுங்கினேன். அரை மணி நேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே ஏழு போன்களும் ஒன்றாக அலறின. ஆயா எழுந்து வந்து “யாரு?” என்றார்.