நூறு கோழிக்கு ஒரு குப்பி

பிப்ரவரி பிறந்தால் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் ஒரு சின்னச் செய்தி வரும்: கோழிக்கழிச்சல் நோய்த் தடுப்பூசி இருவார முகாம். பொதுமக்கள் பயன்பெறக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். கோழியை யார் பிடிக்கிறார், யார் ஊசி போடுகிறார் என்பதெல்லாம் அதில் இருக்காது. கால்நடை மருத்துவரான நண்பரிடம் கேட்டேன். "மானாமதுரைப் பக்கம் ஒரு அக்கா இருக்காங்க. விடியுறதுக்குள்ள போயிருங்க. பஞ்சாரத்தத் தூக்கிட்டா அப்புறம் கோழியும் கிடைக்காது, அக்காவும் கிடைக்க மாட்டாங்க" என்றார்.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. மகளிர் குழுவில் இருந்தபோது கால்நடை மருந்தகத்தில் ஊசி போடப் பழகியவர். நான் போய்ச் சேர்ந்தபோது தெருமுனையில் நின்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். "அப்பத்தா வீட்ல பன்னெண்டு, மேலத்தெருவுல முப்பது, டீக்கடைக்காரர் சேவல் நாலு..."

அவர் தொழிலில் பாதி இந்தக் கணக்குதான். மருந்து உலர்ந்த வில்லையாகக் குப்பியில் வருகிறது. ஒரு குப்பி நூறு கோழிக்கு. கலக்கிவிட்டால் ஐஸில் வைத்தபடியே இரண்டு மணி நேரத்துக்குள் போட்டு முடித்துவிட வேண்டும். மிச்சத்தை நாளைக்கு என்று எடுத்துவைக்க வழியில்லை. பத்துக் கோழி வைத்திருக்கும் வீட்டுக்கு நூறு கோழி மருந்தை உடைக்க முடியுமா? எனவே நூறு கோழியை ஒரே காலையில் ஒரே தெருவில் மடக்க வேண்டும். ஒரு வாரம் முன்பே எல்லாக் கோழிக்கும் குடற்புழு மருந்து கொடுத்தாயிற்று. முந்தின நாள் சாயந்தரம் வீடு வீடாகப் போய், "காலையில தொறந்து விட்றாதீக" என்றும் சொல்லி வைத்திருக்கிறார்.

மருந்து கலக்குவதை நான் சரியாகப் பார்க்கவில்லை, இருட்டு. பிடிப்பதைப் பார்த்தேன். பஞ்சாரத்தின் விளிம்பை ஒரு சாண் தூக்கி, கையை உள்ளே விட்டு, இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து இழுக்கிறார். இறக்கையை விரித்து, அடியில் தோலுக்குக் கீழே அரை மில்லி. கோழி கத்தி முடிப்பதற்குள் அடுத்தது கையில் இருக்கிறது.

குஞ்சுகளை ஒதுக்கிவிட்டார். எட்டு வாரம் ஆகாததற்கு இந்த ஊசி ஆகாது. அவற்றுக்கு ஏழாம் நாளில் கண்ணிலோ மூக்கிலோ சொட்டுவிடும் வேறு மருந்து. ஒரு வீட்டில் பெட்டை ஒன்று இறகைச் சிலிர்த்துக்கொண்டு சொக்கி நின்றது. அந்த வீட்டுக் கோழி எதையும் அவர் தொடவில்லை. "சீக்கு உள்ள இருக்கையில ஊசி போட்டா விழுந்துரும். ஊசி போட்டுத்தான் செத்துச்சுன்னு பேராகும். அடுத்த வருசம் தெருவே தொறந்து விட்டுரும் தம்பி."

அவர் இந்தத் தொழிலுக்கு வந்ததே ஒரு சித்திரையில் மொத்தக் கோழியையும் பறிகொடுத்த பிறகுதான். மகளின் காலேஜ் பீஸுக்கு என்று வளர்த்தவை. "காலையில தூங்கி நின்னுச்சு. மத்தியானம் வெள்ளையும் பச்சையுமாக் கழிஞ்சுச்சு. மறுநா கழுத்தத் திருகிக்கிட்டு வானத்தப் பாத்துச்சு." கீழாநெல்லி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம் அரைத்து உருட்டிக் கொடுத்திருக்கிறார். கடையில் ஏதோ மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருக்கிறார். இது வைரஸ், வந்த பிறகு கேட்கிற மருந்து கிடையாது. தடுப்பூசி காணாத கோழிகளில் பத்துக்கு ஒன்பது போய்விடுவதும் உண்டு.

நிற்கிற கோழியை வாங்க அன்றே ஒரு வியாபாரி மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டாராம். எந்த ஊரில் சீக்கு என்று மருந்தகத்துக்கு முன்பே அவருக்குத் தெரியும். எடை போடவில்லை, கூடைக்கு இவ்வளவு என்று பேசி அள்ளிக்கொண்டு போனார். அந்தக் கூடை அடுத்த ஊரிலும் இறங்கியிருக்கும். எச்சமும் சளியும் ஒட்டிய கூடை போதும், நோய்க்கு வேறு வாகனம் வேண்டாம். கேட்கக் கேட்க எனக்குக் கொதித்தது. மருந்துப் பெட்டிக்கு இரண்டு டிகிரியிலிருந்து எட்டு டிகிரிக்குள் என்று விதி வைத்திருக்கிறோம். கூடையைக் கழுவு என்று ஒருவரிடமும் சொல்வதில்லை. நட்டம் கோழிக்காரிக்கு, லாபம் கூடைக்காரருக்கு, சீக்கு ஊருக்கு என்று பங்கு பிரிந்துவிடுகிறது. அக்காவுக்கு என் அளவுக்குக் கோபமில்லை. "நாங்களும் செத்ததக் கருவேலங்காட்டுல எறிஞ்சோம்ல. நாயி இழுத்துட்டு வந்துச்சு. குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் பொதைக்கணும்னு அப்ப யாரு சொன்னா?"

1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் பதிவான நோய் இது. ஓரிரு ஆண்டில் குமாவுன் மலையின் ராணிக்கெட்டில் தென்பட்டு, இந்தியாவில் அந்தப் பெயரே நிலைத்தது. இறக்கைக்கடியில் போடும் ஊசிமருந்தின் மூலமும் அதே மலைப்பகுதியில், முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில், 1940களில் பிறந்ததுதான். நம் மாநிலத்துக்கு ராணிப்பேட்டையில் தயாராகிறது. ஊசியில்லாமல் தீனியாகப் போடும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. பத்துக் கோழிக்காரிக்கு ஏற்றது அதுதான் என்பது என் எண்ணம். இந்தத் தெருவுக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

முகாமில் ஊசி இலவசம். மற்ற மாதங்களில் போட்டால் கோழிக்கு இவ்வளவு என்று அக்கா வாங்கிக்கொள்கிறார். காசில்லாத வீட்டில் முட்டை. மற்ற மாதங்களில் போடாமலும் முடியாது. முகாம் மாசியோடு போய்விடும், பெட்டைகள் முகாம் பார்த்தா அடைக்கு உட்காருகின்றன? இன்று ஒதுக்கிய குஞ்சுகளுக்கு எட்டு வாரம் நிறைவது பங்குனியில். நோய் உக்கிரமாவது அதற்கடுத்த சித்திரையில்.

வெயில் ஏறியதும் பஞ்சாரங்களைத் தூக்கிவிட்டார்கள். அக்கா மறுபடியும் விரல்விட்டு எண்ணினார். "அறுபது குஞ்சு தேறும். பங்குனிக்கு இன்னொரு குப்பி ஒடைக்கணும்னா நாப்பது கொறையுது. கண்மாய்க்கு அந்தப் பக்கம் கேட்டுப் பாக்கணும். அவுக முழுசா ஒத்துக்க மாட்டாக, போன வருசம் ஒரு சேவல் நொண்டுச்சு." ஐஸ் பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் கண்மாய்க்கரைப் பக்கம் நடந்தார்.