உள்ளங்கால் எரிச்சலும் உணவுத்தட்டும்

நீரிழிவு நெடுங்காலம் நீடித்தால் நரம்புகள் பழுதுறும். உள்ளங்கால் எரியும், பின்னர் மரத்துப்போகும். திருச்சி பாலக்கரையில் எங்கள் அத்தாவுக்கு இது வந்தபின் எங்கள் அடுக்களையே மாறிற்று. சோற்றைக் குறைத்தோம், கீரை, அவரை, முட்டை, மீன் ஆகியவற்றைக் கூட்டினோம்.

ஸ்ரீரங்கத்தில் வாழும் அத்தாவின் பழைய நண்பர் சைவ உணவினர். அவருக்கும் அதே எரிச்சல். பரிசோதனையில் இருவருக்குமே வைட்டமின் பி12 குறைந்திருந்தது. இச்சத்து இறைச்சி, மீன், முட்டை, பால் ஆகியவற்றில் உண்டு; காய்கறிகளில் இல்லை. கறி உண்ணும் அத்தாவுக்கு ஏன் குறைந்தது? ஆண்டுக்கணக்கில் உட்கொள்ளும் மெட்ஃபார்மின் மாத்திரை, பி12ஐ உடல் ஏற்பதைக் குறைக்கக்கூடும் என்றார் மருத்துவர். மாத்திரை தொடர்ந்தது; பி12 ஊசியும் சேர்ந்தது. எரிச்சல் தணிந்தது, மரத்த இடத்தில் உணர்வு முழுதாய்த் திரும்பவில்லை.

கடந்த ரமலானில் நோன்பு நோற்க மருத்துவர் இசையவில்லை. அத்தா கலங்கினார்கள். நோயாளிக்குரிய சலுகையை அல்பகறா அத்தியாயத்தின் 184ஆம் வசனத்தில் ஓதிக்காட்டினோம். ஃபித்யாவாக ஏழைகளுக்கு உணவளித்தார்கள். மாலையில் எங்களோடு அமர்ந்து அரைக் கிண்ணம் நோன்புக்கஞ்சி அருந்தினார்கள்.

உணவு துணைதான், மருந்துக்கு மாற்றன்று. கால் எரிந்தால் பி12 அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். உளூவின்போது உள்ளங்காலில் புண் உண்டா என்றும் நோக்குங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஆரோக்கியம் அருள்வானாக. ஆமீன்.